கதவில்லாத ஒன்பதாம் அறை

“கதவே வைக்காம ஒருத்தன் ரூம் கட்டுவானா தம்பி?”

இப்படிக் கேட்டது அல்போன்சா அக்கா. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டூவீலர் ஸ்டாண்டில், தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தோம். அவர் கையில் டோக்கன் கட்டு. என் கையில் செல்போன். அதில் ஒரு குட்டி மனிதன் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தான். வீடு கட்டுவதைப் பற்றிக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கேட்டது ஒரு பழைய வீடியோ கேமைப் பற்றி என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பதினாறு வருடமாக மனதுக்குள் இருந்த அந்தக் கேள்வியை அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். அது எனக்கு இன்னும் பிறகு தெரிந்தது.

நான் போன வருடம் பிளஸ் டூ முடித்தேன். முடித்தேன் என்று சொல்வதைவிட எழுதினேன் என்று சொல்லலாம். கோச்சிங் கிளாஸ் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு தினமும் டவுனுக்கு வருவேன். ஸ்டாண்டில் பைக்கை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து சாயங்காலம் வரை போனில் பழைய கேம் ஆடுவேன். அந்த கேம்களின் நிறை குறைகளை இணையத்தில் ஒரு பக்கத்தில் எழுதுவேன். முந்நூறு பேர் படிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் நான் எழுதுவதைத் திருத்துவதற்காகவே படிக்கிறவர்கள்.

மூன்றாவது வாரம் அல்போன்சா அக்கா டோக்கனைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, நீ இதுவரைக்கும் ஒரு பஸ்ஸும் ஏறினதில்லை என்றார். எப்படித் தெரியும் என்றேன். டீக்குப் போகும்போதெல்லாம் உன்னைப் பெஞ்சில் பார்க்கிறேன், அதனால்தான் உன் வண்டி வெயிலுக்குப் போகவே இல்லை என்றார். ஸ்டாண்டில் தூரப் பயணம் போகிறவர்களின் வண்டிகளை அவர் உள்ளே, கூரை இல்லாத வெயில் பக்கம் தள்ளிவிடுவார். சீக்கிரம் திரும்புகிறவர்களின் வண்டிகள் வாசல் பக்கம் நிழலில் நிற்கும். என்னுடையதை முதல் வாரமே வாசலுக்கு மாற்றிவிட்டாராம்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். நூற்றைம்பது வண்டிகள் நிற்க வேண்டிய இடத்தில் இருநூறு நிற்கும். நடுவில் மாட்டிய ஒரு வண்டியை எடுக்க மற்ற ஸ்டாண்டுகளில் எட்டு வண்டியை இழுப்பார்கள். அக்கா வண்டிக்காரர் டோக்கனை நீட்டும்போதே ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்று வண்டியை மட்டும் நகர்த்துவார். எதை முதலில் நகர்த்தினால் எது அடைபடும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். இதைப் பார்த்துவிட்டுத்தான் நான் போனை நீட்டி, நீங்கள் செய்வது இந்தக் கல் தள்ளுகிற கேம் மாதிரியே இருக்கிறது என்று சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகுதான் அந்தக் கேள்வி.

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. பதினெட்டு வயதில் நூல்மில்லில் சேர்ந்து பன்னிரண்டு வருடம் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் நின்றவர். மெஷின் சத்தத்தில் இடது காது மந்தமாகிவிட்டது. இடப்பக்கம் நின்று பேசினால் தலையாட்டுவார், ஆனால் கேட்டிருக்காது. மில்லை விட்டபின் இந்த ஸ்டாண்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மாவும் பத்து வருடத்துக்கு முன் போய்விட்டார். தம்பி பிராங்கிளின் 2004 மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றில் இறந்து கிடந்தான். அப்போது அவனுக்கு வயது பதினெட்டு. இப்போது என் வயது.

நான் அவர் வீட்டுக்குப் போனது கேமைப் பார்க்கத்தான். அதை மறைக்க விரும்பவில்லை. வீட்டுப் பெட்டியில் பேட்டரி வைத்த வீடியோ கேம் கேசட் ஒன்று இருக்கிறது, சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா மகன் கொண்டுவந்தது என்று அவர் சொன்னதும் எனக்குக் கை அரித்தது. அந்த மாதிரி கேசட்டை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

வீடு கரூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பின்பக்கம் பத்துப் பதினைந்து தென்னை, அப்புறம் கிணறு. இப்போது அதன் மேல் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். உள் அறையில் பதினாலு இன்ச் டிவி. பக்கத்து வீட்டுக்காரர் புது டிவி வாங்கியபோது அவரிடமிருந்து பழசாக வாங்கியது. அக்கா தகரப் பெட்டியைத் திறந்து, ஒரு பள்ளிச் சட்டையில் சுற்றி வைத்திருந்த கேம் செட்டை எடுத்தார். வயரை அவரே மாட்டினார்.

அந்த கேமின் பெயர் எனக்குத் தெரியாது. எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. அக்காவும் பிராங்கிளினும் அதைக் கல்லு கேம் என்றே சொல்வார்களாம். தொப்பி போட்ட ஒரு ஆள். மேலிருந்து பார்ப்பது போல ஒரு அறை. அறையில் கற்களும் குழிகளும் இருக்கும். கல்லைத் தள்ளலாம், இழுக்க முடியாது. எல்லாக் குழியையும் கல்லால் மூடினால் நாலு சுரத்தில் ஒரு சின்ன இசை வரும், மேல் சுவரில் கதவு திறக்கும், ஆள் வெளியே போவான். அவ்வளவுதான். இப்படி ஐம்பது அறைகள்.

அதன் நிறைகளை நான் அன்றே நோட்டில் எழுதினேன். கடிகாரம் கிடையாது. துரத்துகிற பேய் பிசாசு எதுவும் கிடையாது. ஒரு கல்லுக்கு முன்னால் ஒரு மணி நேரம் யோசித்தபடி நின்றாலும் அந்த ஆள் பொறுமையாக நிற்பான், அவ்வப்போது தொப்பியைச் சரிசெய்வான். மொழி தெரிய வேண்டியதில்லை. எந்த அறையிலும் ஏமாற்று வேலை இல்லை, நாம் மாட்டிக்கொண்டால் அது நம் தப்புதான். எல்லாவற்றுக்கும் மேல், நாமே அறை கட்டலாம். பத்து அறை வரை கட்டிச் சேமிக்க முடியும். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம்.

குறைகளும் எழுதினேன். ஒரு தடவை தள்ளினதைத் திரும்பப் பெற வழியில்லை. முப்பதாவது அறைக்குப் பிறகு திடீரென்று கஷ்டமாகிவிடுகிறது. நாம் கட்டும் அறையில் வழி இருக்கிறதா, கதவு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அது சேமித்துக்கொள்கிறது. இன்னும் மோசம், நாமே கட்டிய அறையை ஆட ஆரம்பித்தால், கற்கள் எங்கே நின்றனவோ அப்படியே அதன் மேலேயே சேமித்துவிடும். கட்டியது அழிந்துபோகும். படம் இடது ஓரத்தில் சுவரே இல்லாமல் திரை விளிம்போடு ஒட்டி நிற்கிறது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். மட்டமான செட் என்று நினைத்தேன்.

பிராங்கிளின் கட்டிய ஒன்பதாம் அறையை அக்கா காட்டினார். ஆறு கல், ஆறு குழி. வளைந்து வளைந்து போகும் சுவர்கள். மேல் சுவரில் கதவு இல்லை. கீழேயும் இல்லை. எங்குமே இல்லை.

பிறகு அவர் சொன்னதை நான் நோட்டில் எழுதவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. ரிசல்ட் அன்று அவருக்கு மில்லில் முதல் ஷிப்ட். மதியம் இரண்டே முக்காலுக்கு வீடு வந்தார். இயற்பியலில் பிராங்கிளினுக்குப் போய்விட்டது என்று வரும் வழியிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் டிவி முன்னால் உட்கார்ந்து அறை கட்டிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார்.

“அக்கா, இது உனக்குத்தான் கட்டுறேன்,” என்றானாம். “நீ வெளிய வந்துட்டேன்னா ஒரு வாரத்துக்கு வெஞ்சனச் சட்டி நான் கழுவுறேன்.”

“போடா, கண்ணு எரியுது. செத்த நேரம் படுத்துட்டு வாரேன்,” என்றிருக்கிறார் இவர்.

ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார். ஐந்து மணிக்கு யாரோ எழுப்பியபோது வாசலில் கூட்டம் நின்றது. மே மாதம், கிணற்றில் இடுப்பளவுதான் தண்ணீர். அடியில் பாறை. மேல்படியில் அவன் செருப்பு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அடக்கத்தன்று யாரோ ஒருவர், வழுக்கி விழுகிறவன் செருப்பைக் கழட்டி வரிசையாக வைத்துவிட்டா விழுவான் என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு வார்த்தை ஊர் முழுவதும் போய்விட்டது. படியில் இறங்குகிறவர்கள் எல்லாருமே செருப்பைக் கழட்டுவார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவும் அதையே நம்பிவிட்டார். பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்து சொல்லியும் அவர் மகனுக்கு ஒரு ஆண்டுப் பூசைகூடச் செய்யவில்லை. தானாகப் போனவனுக்கு நான் என்ன கேட்பது என்றாராம். சாகும்வரை அப்படித்தான் இருந்தார்.

துக்க வீடு என்பதால் ஒரு வருடம் டிவி போடவில்லை. பிராங்கிளின் ஆடிய பெரிய டிவியைச் சாக்கு போட்டு மூடி மூலையில் வைத்தார்கள். வருடம் முடிந்து சாக்கை எடுத்தால் உள்ளே எலி வயரைக் கடித்திருந்தது. அது பழைய இரும்புக்குப் போனது. நாலு வருடம் கழித்து இந்தச் சின்ன டிவி வந்தபோதுதான் அக்கா தம்பி கட்டிய அறையை முதன்முதலாகப் பார்த்தார். கதவு இல்லாத அறை. இது உனக்குத்தான் என்று அவன் சொன்ன அறை.

ஆடினால் அழிந்துவிடும் என்பதால் அவர் அதை ஆடவில்லை. வருடத்துக்கு ஒருநாள், நவம்பரில் கல்லறைத் திருநாளன்று, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து டிவியைப் போட்டு வெறுமனே பார்ப்பார். கண்ணாலேயே கற்களைத் தள்ளிப் பார்ப்பார். ஆறு குழியையும் மூடும் வழி இரண்டாம் வருடமே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஆள் எங்கே போவான் என்பதுதான் தெரியவில்லை. சில சமயம் ஸ்டாண்டில் வெயில் நேரத்தில், மந்தமான காதில் அந்த நாலு சுர இசை கேட்கும் என்றார். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வண்டிகள்தான் நிற்கும்.

அவர் சொல்லி முடித்தபோது டிவியில் அந்த ஆள் தொப்பியைச் சரிசெய்தான். பகல் இரண்டு மணி, வெளியே நல்ல வெயில்.

போன நவம்பரில் அக்கா செட்டைப் போட்டபோது நாலாம் அறை காணாமல் போயிருந்தது. வெறும் கறுப்புக் கட்டம். கட்டிய அறைகளைச் சேமித்து வைக்கும் பேட்டரி சாகிறது என்று எனக்குப் புரிந்தது. ஒன்பதாம் அறையும் போய்விடும் என்று சொன்னேன். அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு செட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கில் ஏறினார். பேகம்பூரில் ஜெகபர் அலி பாய் கடைக்குப் போனோம். முப்பது வருடமாக டிவி மெக்கானிக். என் போனுக்கு இரண்டு முறை டிஸ்பிளே மாற்றியவர்.

பாய் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை வாயால் ஊதியிருக்கிறீர்களே, உள்ளே பச்சை பிடித்திருக்கிறது என்று திட்டினார். மீட்டரை வைத்துப் பார்த்தார். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் காட்டியது. பேட்டரியைக் கழட்டினால் எல்லாம் அழியும், பக்கத்தில் இன்னொரு பேட்டரியை வைத்து ஈயம் வைத்து ஒட்டலாம், ஆனால் கை ஒரு தடவை தப்பினால் போச்சு என்றார். “எனக்குச் சுகர் இருக்கு தாயி, கை ஆடும். பொய் சொல்ல மாட்டேன்.”

எதற்கும் முதலில் படம் வருகிறதா பார்ப்போம் என்று சுவரில் மாட்டியிருந்த பெரிய எல்இடி டிவியில் வயரைச் சொருகினார். ரிமோட்டில் ஏதோ மாற்றினார். அக்கா ஒன்பதாம் அறையைத் திறந்தார்.

படம் முழுதாக வந்தது. இடது பக்கத்தில் நாங்கள் பார்த்தே இராத ஒரு வரிசை இருந்தது. செங்கல் சுவர். அந்தச் சுவரின் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு கதவு.

அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். பாய்க்கு ஒன்றும் தெரியாததால் அவர்தான் முதலில் பேசினார். “வீட்ல பழைய டிவியா? அது படத்தோட ஓரத்தைத் தின்னுரும்மா. எல்லா டியூப் டிவியும் திங்கும், உங்களுது கொஞ்சம் பசியோட தின்னிருக்கு,” என்று சிரித்தார்.

எனக்கு என் நோட்டு ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது. இடது ஓரம் சுவரே இல்லை என்று நானே எழுதியிருந்தேன். ஐம்பது அறையிலும் கதவு மேலேதான் இருக்கும் என்பதால் ஓரத்தை யாரும் தேடவில்லை. பிராங்கிளின் கதவை இடம் மாற்றி வைத்திருந்தான். அக்காவை ஏமாற்றத்தான், விளையாட்டுக்கு. பெரிய டிவியில் கட்டும்போது அவனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும். வீட்டார் துக்கத்துக்காக அந்த டிவியை மூடாமல் இருந்திருந்தால் அன்றே எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

அக்கா ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். ஆடினால் அழியும் என்று நான் சொன்னேன். தெரியும் என்றார். நான் போனில் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. பதினாறு வருடம் கண்ணால் தள்ளிய கற்கள் அல்லவா. ஆறாவது கல் குழிக்குள் விழுந்ததும் அந்த இசை வந்தது. “சத்தம் வந்துச்சா?” என்று என்னைக் கேட்டார். வந்தது என்றேன். கதவு திறந்து உள்ளே கறுப்பாகத் தெரிந்தது. அந்த ஆளை நடத்திக் கதவுக்கு ஒரு கட்டம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அங்கேயே நிறுத்திவிட்டார். கடையில் இன்னொருவர் மிக்ஸியோடு வந்து காத்திருந்தார். பாய் ஈயம் வைத்துப் பார்க்கவா என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம், இருக்கிறவரை இருக்கட்டும் என்று அக்கா சுவிட்சை அணைத்தார்.

அவர் மனம் லேசாகிவிடும் என்று நினைத்தேன். அப்படித்தானே எல்லாரும் நினைப்போம். ஆனால் அடுத்த சில வாரங்களில் அவர் ஸ்டாண்டில் வண்டிகளைத் தப்பாக நகர்த்தினார். ஒருநாள் இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். ஜனவரியில் நான் நேரடியாகவே கேட்டேன், கதவு இருந்ததே, பிறகு என்ன என்று. டோக்கன் கட்டைப் பையில் வைத்துவிட்டு, கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

“கதவு இல்லன்னு நெனச்சவரைக்கும், அவன் போகணும்னே போயிட்டான், நான் முழிச்சிருந்தாலும் ஒன்னும் ஆகியிருக்காதுன்னு இருந்தேன். இப்ப அப்படி இல்லயே. நான் எந்திரிச்சு வந்து ஆடுவேன்னு அவன் காத்துக்கிட்டு இருந்திருக்கான். அப்ப வழுக்கித்தான விழுந்திருப்பான். விழுந்தவன் கூப்பிட்டிருப்பான்ல தம்பி? முப்பது எட்டு வச்சா கிணறு. நான் ஃபேனைப் போட்டுட்டுப் படுத்துருந்தேன்.”

கதவு இருப்பதால் எதையும் நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது என்று நான் சொன்னேன். அது உண்மைதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். விளையாட்டாக அறை கட்டியவன் பத்து நிமிடம் கழித்து வேறு மாதிரி நினைத்திருக்கலாம். யாருக்கும் தெரியாது.

“அது எனக்கும் தெரியும். ஆனா கதவு இருந்துச்சுல்ல? நீயும் பாத்தேல்ல?”

“பாத்தேன்க்கா.”

“அப்ப அதை எழுது. நல்லது கெட்டதுன்னு எழுதுவியே, அதுல எழுது. நான் தூங்குனதையும் சேத்து எழுது. அவன் மேல ஊரு வச்சது போகட்டும். என் மேல இருந்தா இருந்துட்டுப் போகுது.”

நான் எழுதத் தயங்கினேன். இதை எழுதினால் அவர் தலையில் பழியை ஏற்றுவது போல ஆகுமோ என்று பயம். இரண்டு முறை எழுதி அழித்தேன். பிப்ரவரியில் அவர் செட்டைப் போட்டபோது பத்து அறையும் கறுப்பாக இருந்தது. கதவுக்கு முன்னால் நின்ற ஆளும் இல்லை. என் போனில் எடுத்த படத்தில் டிவி வெளிச்சம் கோடு கோடாக விழுந்து, கதவு இருந்த இடம் ஒரு பழுப்புத் தீற்றலாக மட்டும் இருக்கிறது. கதவைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது மூன்று பேர்தான். அதில் பாய் அது எதற்கான கதவு என்று இன்றுவரை கேட்கவில்லை.

எனக்கு இப்போது பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார முடிவதில்லை. பாய் கடையில் காலையில் உட்கார்கிறேன், சர்க்யூட் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார். வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்பா இன்னும் சரியாகப் பேசவில்லை. ஸ்டாண்டில் என் வண்டியை அக்கா, தூரம் போகிறவர்களின் வண்டிகளோடு, உள்ளே தள்ளி நிறுத்துகிறார்.

இதைப் படிக்கிறவர்கள் கேமைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்திருந்தால் நிறை குறைகள் மேலேயே இருக்கின்றன. மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2004இல் திண்டுக்கல் பக்கம் பிளஸ் டூ எழுதியவர்கள், கரூர் ரோட்டுப் பக்கம் இருந்தவர்கள், அந்த அடக்கத்தில் நின்றவர்கள் இப்போது எங்கெங்கோ இருப்பார்கள். திருப்பூரில், சென்னையில், வெளிநாட்டில். அந்தச் செருப்பைப் பற்றிய பேச்சு அவர்களோடு போயிருக்கும். அவர்களில் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பிராங்கிளின் கட்டிய கடைசி அறையில் இடது பக்கச் சுவரில் ஒரு கதவு இருந்தது, நாங்கள் பார்த்தோம் என்று தயவுசெய்து அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.